நண்டுப்பாட்டுச் சேறு ஆடிய ஆடுபுலி

"நம்ம குடாவுக்கு அடியில கெடக்குல்லா சேறு, அது நேத்து என்னைய ஆடுபுலி ஆட்டத்துல தோக்கடிச்சிட்டு!"

ரெமிஜியுஸ் மச்சாடோ இப்படி அறிவித்தபோது நண்டுப்பாடு மீன் ஏலக்கூடத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. அவருடைய அறிவிப்புகளுக்கு ஊர் எப்போதோ பழகிவிட்டது. பேருந்து நீளத்துக்குச் சீலா மீன் பிடித்து, அதை வாகனத்தில் ஏற்ற முடியாமல் துக்கத்தோடு கடலில் விட்டவர் அவர். புயல் வந்த அன்று கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று ஒரே தும்மலில் காற்றை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டவரும் அவரே. அத்தனை கதைகளிலும் கடைசியில் ஜெயிப்பது ரெமிஜியுஸ்தான். தான் தோற்றுப்போனதாக அவர் சொன்ன முதல் கதை இது. அதைக் கவனித்திருந்தால் ஊர் அன்றைக்கே உஷாராகியிருக்கும்.

ஊர்க்காரர்கள் அவர் சொல்வதை நம்புவதும் கிடையாது, சந்தேகப்படுவதும் கிடையாது. சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மெனக்கெட்டுச் சந்தேகப்பட ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் ரெமிஜியுஸின் சம்பந்தி, ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் எஸ்தனிஸ்லாஸ் கர்வாலோ. தன் பிறந்த தேதியையே ஞானஸ்நானப் பதிவேடு சொல்கிறது என்பதற்காக ஒத்துக்கொள்ளாத மனிதர். அன்றும் ஒரு விளமீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் கூவுகிற எந்திரம் 'பசுமீன், பசுமீன்' என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. அவர் எந்திரத்தையும் நம்பவில்லை.

"சேறு ஆடா, புலியா சம்பந்தி?" என்று செவுளை விடாமலே கேட்டார்.

"புலி. நான்தான் ஆடு."

"காயை எதைக் கொண்டு நகத்திச்சு? கையாலயா, வாலாலயா?"

"வெளிச்சத்தால."

பேராசிரியர் மீனைக் கீழே வைத்தார். கரைசல்களின் ஒளிக்குணங்களைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்தியவர். சம்பந்தி கடலைப் பற்றி அளந்தால் பொறுத்துக்கொள்வார், கன்னிமரியாள் கனவில் வந்ததாகச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். வெளிச்சத்தைப் பற்றி அளந்தால் பொறுக்கமாட்டார்.

"விளக்கமாச் சொல்லுங்க பாப்போம்."

ரெமிஜியுஸுக்கு வேறென்ன வேண்டும்? காலியான மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் கடல்நீர்ச் சோதனை நிலையத்துல வேலை பாத்தப்ப, பழைய கடற்பாலத்துக்கு அடியில ஒரு கண்ணாடித் தகடு பதிச்சோம்லா? சேத்துக்குள்ள. அதுல இருந்து நூலு நூலாக் கண்ணாடி இழை மேல வரும். நான் ரிட்டயர் ஆனேன். நிலையத்தை மூடிட்டாங்க. தகட்டை எல்லாரும் மறந்துட்டாங்க. நான் மட்டும் போயிப் போயி இழையில ஒட்டுற சிப்பியைச் சுரண்டிட்டு வருவேன். வீட்டுல இருந்தா ஒங்க சம்பந்தியம்மா பூண்டு உரிக்கச் சொல்லுவா."

"விசயத்துக்கு வாங்க."

"சேத்துல துகளுக்கும் துகளுக்கும் நடுவுல ஒரு தண்ணி மாட்டிக்கிட்டுக் கெடக்கும்."

"நுண்துளை நீர்."

"அதேதான். செத்த மீன், பாசி, எறா ஓடு, நம்ம வீட்டுக் கஞ்சித்தண்ணி எல்லாம் அதுல அழுகிக் கரைஞ்சு, ஆதாம் ஏவாள் காலத்துல இருந்து ஊறிக்கிட்டுக் கெடக்கு, டிக்காசன் மாதிரி."

"கரைந்த கரிமப் பொருள். டிக்காசன் கெடையாது. புற ஊதாக் கதிரைக் காட்டினா நீலமா ஒளிரும். புதுசு ஒரு மாதிரி ஒளிரும், நாள்பட்டது வேற மாதிரி ஒளிரும். திரும்பத் திரும்பக் கதிர் பட்டா மங்கிரும். இதை நான் முதல் வருசப் பிள்ளைகளுக்கே நடத்தியிருக்கேன். இதுல ஆட்டுக்கும் புலிக்கும் என்ன சோலி?"

"மங்கினது இருட்டுல மறுபடி தெளியுது சம்பந்தி! அதுலதான் சூட்சுமமே. ஒரு நாளு சும்மா ஒரு சிலுவை மாதிரிக் கதிரைப் பாச்சிட்டு வேளாங்கண்ணிக்குப் போயிட்டேன். திரும்பி வந்து விளக்கைப் போட்டா, சிலுவை போட்ட எடம் மட்டும் பளிச்சுனு நிக்கி. மங்குறது அதுக்கு மறதி. தெளியுறது ஞாபகம். ஞாபகம் இருக்குற பயலுக்கு வெளையாட்டுச் சொல்லிக் குடுக்க முடியாதா? கதிராலயே கட்டம் போட்டு, மழைக்காலம் பூரா ரெண்டு பக்கமும் நானே ஆடிக் காட்டினேன். ஈஸ்டர் கழிஞ்சு ஒரு நாளு, நான் ஆட்டை வச்சிட்டுப் பொடி போட்டுக்கிட்டு இருக்கேன், புலி தானா நகந்துட்டு!"

"நீங்க பொடி போட்டதுல கை ஆடியிருக்கும்."

"அப்போ ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"வரமாட்டேன். நான் வந்தா, சம்பந்தியே வந்து பாத்துட்டாருன்னு அடுத்த கதை கெளம்பும். ஒரு புட்டி தண்ணி கொண்டாங்க. காலேஜ் கருவியில வச்சுப் பாக்குதேன். கருவி பொய் சொல்லாது."

ரெமிஜியுஸ் ஒரு புட்டி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கருவி பொய் சொல்லவில்லை. அலறியது. ஒளிர்வுக்கோடு காகிதத்தின் மேல்விளிம்பைத் தாண்டி, ரெமிஜியுஸ் பின்னால் சொன்னபடி, கூரையில் இடித்துக்கொண்டு நின்றது. அப்படி ஒரு நீலத்தை எந்தக் கடலின் சேற்றுநீரிலும் பேராசிரியர் கண்டதில்லை. அன்று மதியம் அவர் சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டார். அந்த வீட்டில் அது ஒரு சரித்திர நிகழ்ச்சி.

ரெமிஜியுஸ் சும்மா இருப்பாரா? உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு மூளைச்சத்து நண்டுப்பாட்டுச் சேற்றில் இருப்பதாகக் கோயில் வாசல், ஐஸ் தொழிற்சாலை, சலூன் எல்லா இடத்திலும் பறைசாற்றினார். சேற்றை நெற்றியில் பூசிக்கொண்டு பரீட்சைக்குப் போன பிள்ளைகள் உண்டு. பங்குச்சாமியார் சேற்றுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று ஆயரிடம் கேட்கப் போகிறார் என்று வதந்தி. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. குடாவில் பெருந்துறைமுகம் கட்ட வந்த கம்பெனியின் தூர்வாரும் கப்பல் அடிவானத்தில் யானை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதில் தன் மகனுக்கு வேலை கிடைக்கும் என்று காத்திருந்த நண்டுக்கூடைக்காரி செலஸ்தீனா, ரெமிஜியுஸை நடுத்தெருவில் மறித்தாள்.

"அண்ணாச்சி, சேறு வெளையாடுதுன்னா வெளையாடட்டும். எம்மவன் வெளையாடிக்கிட்டே திரியுதானே, அவனை யாரு கேப்பா?"

ரெமிஜியுஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பி நடந்தார். அவர் மனைவி பிரிஜித்தாளின் கேள்வி இன்னும் மோசம். நண்டு உடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அதுக்குப் புத்தி இருக்குன்னா, இத்தனை காலம் அது மேல நங்கூரத்தை எறிஞ்சோமே, மடிவலையை இழுத்தோமே, அதுக்கு வலிச்சிருக்காது?"

அன்று ரெமிஜியுஸ் கேட்காமலே பூண்டு உரித்துக் கொடுத்தார்.

அதற்கடுத்த காலை பேராசிரியர் அவரை ஆய்வகத்துக்கு வரச்சொன்னார். ரெமிஜியுஸ் சலவை வேட்டியும் சட்டையுமாக, பொன்னாடை போர்த்துவார்கள் என்ற நினைப்பில் போனார். பேராசிரியர் சன்னல்களைச் சாத்தி, ஊதாவிளக்கைப் போட்டார்.

"கொஞ்சம் இப்படி வெளக்குக்கு முன்னால நில்லுங்க சம்பந்தி."

நின்றார். இடுப்புக்குக் கீழே ரெமிஜியுஸ் நீல நிலவாக எரிந்தார்.

"புட்டித் தண்ணியை எதுல வடிகட்டினீங்க?"

"வடிதாள் தீந்துபோச்சு. அதனால..." ரெமிஜியுஸ் தன் கால்களைப் பார்த்தார். "வேட்டித் துணியிலதான். வீட்டுல கருப்பட்டிப் பாகு, வேப்பெண்ணெய் எல்லாம் அதுலதான வடிகட்டுதோம்? புது வேட்டி. சுத்தமாத் துவைச்சது!"

"துவைச்சதுதான் வினை. வெள்ளை பளிச்சுனு தெரியணும்னு சோப்புத்தூள்ல ஒளிரும் சாயம் சேக்கான். நான் அளந்தது ஒங்க சேத்தோட மூளையை இல்ல. ஒங்க வேட்டியோட வெளுப்பை."

செய்தி ஊருக்குப் போய்ச் சேர ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ரெமிஜியுஸ் தெருவில் நடந்தால், "வேட்டி என்ன சொல்லுது அண்ணாச்சி? ஆடா, புலியா?" என்று விசாரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை, அவரும் சேர்ந்துதான் சிரித்தார். உறைத்தது வேறு. வடிகட்டியதில் தப்பு நடந்தது உண்மை. ஆனால் ஆட்டம் நடந்தது தகட்டில், நேராகச் சேற்றோடு. அங்கே வேட்டிக்கு வேலையே இல்லை. அதைச் சொன்னால் இனி யார் கேட்பார்கள்? வாழ்நாள் முழுக்க அள்ளிவிட்ட மனிதர் கடைசியில் ஒரே ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடினார். திங்கட்கிழமை தூர்வாரும் கப்பல் உள்ளே வரும். அதன் இரும்பு வாய் முதலில் கடிக்கப்போவது கடற்பாலத்து அடிச்சேற்றை.

அவருக்கு இருந்த ஒரே வழி மறுமொழிச் சட்டம். ஏதோ ஒரு நாட்டில் எட்டுக்கை உள்ள ஒரு பேய்க்கணவாய் தன்னை ஏலம் எடுத்தவனிடம் கணக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து உலகமே அரண்டுபோய்க் கொண்டுவந்த சட்டம் அது. கேட்டால் பதில் சொல்லும் எதையும் அதன் சம்மதமில்லாமல் வெட்டக் கூடாது, தோண்டக் கூடாது. ரெமிஜியுஸ் மனுப் போட்டார். விசாரணை அதிகாரி மெஹருன்னிசா அம்மையார் வந்து இறங்கினார். சோதனை செய்ய நடுநிலையான நிபுணர் யாராவது உண்டா என்று ஊரில் கேட்டார்.

"எஸ்தனிஸ் வாத்தியார்" என்று கம்பெனி வக்கீல் சொன்னார்.

"அவர் மனுதாரருக்குச் சம்பந்தியாமே?"

"அதனாலதான் சொல்லுதோம்" என்றது மொத்த ஊரும். "அவரு செத்தாலும் சம்பந்தி பக்கம் பேசமாட்டாரு."

சனிக்கிழமை காலை, கடற்பாலம் சாயுமோ என்று பயப்படும் அளவுக்குக் கூட்டம். ரெமிஜியுஸை இழைகளுக்குப் பக்கத்திலேயே விடவில்லை. பேராசிரியர் தன் விளக்கு, தன் திரை, தன் கையால் வரைந்த ஆட்டக் கட்டம் எல்லாவற்றையும் கொண்டுவந்து பொருத்தினார். முன்னெச்சரிக்கையாகக் காக்கிக் கால்சட்டை போட்டிருந்தார். பாலத்தில் வேட்டி கட்டிய அத்தனை பேரையும் மறுகோடிக்குத் தள்ளி நிறுத்தினார்.

"சட்டப்படி நான் கேக்க வேண்டியது ஒண்ணுதான்" என்றார் அதிகாரி. "இது ஆடுதா, இல்லை தண்ணியில ஏதோ தற்செயலா மினுங்குதா?"

"தற்செயல்னா புலி கண்டபடி அலையும் அம்மா. சின்னப் பிள்ளைகூட அதைக் கட்டிப்போடலாம். ஆட்டம்னா நம்மளை நோக்கி வரும்."

"அப்போ நீங்க ஜெயிச்சா?"

வக்கீல் முந்திக்கொண்டார். "ஜெயிச்சா வெறும் சேறு. திங்கக்கிழமை வேலை தொடங்கும். சரிதானே பேராசிரியர்?"

"சரிதான்" என்றார் பேராசிரியர்.

ரெமிஜியுஸ் மறுகோடியிலிருந்து எக்கி நின்று பார்த்தார். சம்பந்தியின் ஆட்டம் அவருக்குத் தெரியும். கல்யாண வீட்டில் ஒரு தடவை ஆடியிருக்கிறார்கள். ஆடுகளைப் பாடத்திட்டம் மாதிரி வரிசையாக அடுக்கி, வரிசையாகப் பறிகொடுப்பார். நம்ம சேறு இவரைத் தின்று ஏப்பம் விடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அருகே பிரிஜித்தாள் செபமாலையை உருட்டினாள். சேற்றுக்காகவா, சம்பந்திக்காகவா என்று அவர் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பேராசிரியர் ஒரு புள்ளியில் ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார். அது ஆடு. பிறகு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். சேறு யோசித்து முடிந்ததும் திரையில் ஒரு புள்ளி மங்கி, பக்கத்துப் புள்ளி நீலமாகத் தெளியும். அது புலி நகர்வு.

முதல் சில நகர்வுகளில் கூட்டம் சிரித்தது. புலி ஒரு ஆட்டைத் தாண்டி விழுந்ததும் சிரிப்பு நின்றது. இன்னொன்றைத் தாண்டியதும், "எம்மாடி!" என்று முன்வரிசையில் நின்ற செலஸ்தீனா கையை வாயில் வைத்தாள். பேராசிரியரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் விளக்கைச் சரிபார்த்தார். திரையைத் தட்டினார். இழைகளைப் பிடுங்கி மறுபடி செருகினார். புலி அவருக்காகப் பொறுமையாகக் காத்திருந்து, அவர் செருகி முடித்ததும் மூன்றாவது ஆட்டைத் தின்றது.

அதற்குமேல் பேராசிரியர் ஒவ்வொரு ஆட்டை வைக்கவும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். கையை நீட்டுவார், இழுத்துக்கொள்வார். வைத்த இடமும் தப்பு என்பதை வைத்த பிறகு கண்டுகொள்வார். ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு எழுந்து நின்று, என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்தார். ரெமிஜியுஸுக்கு வாயெல்லாம் பல். "மெதுவா ஆடுங்க சம்பந்தி, அது எங்கயும் போவாது!" என்று தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். அதிகாரி முறைத்தார்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு வைத்த மாதிரி ஒரு ஆட்டைப் புலியின் வாய்க்கு நேரே வைத்தார். பின்னால் காலி இடம். தாண்ட வேண்டியதுதான் பாக்கி. புலி தாண்டவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. அடுத்த புலியும் தனக்கு முன்னால் கிடந்த ஆட்டை விட்டுவிட்டு விலகியது. பேராசிரியர் முகம் சுளித்தபடி ஆடுகளை நெருக்கினார். கடைசிப் புலி நகர்ந்து, தானே வந்து அடைபட்ட மாதிரி நின்றது. புலிகள் மூன்றுக்கும் வழியில்லை.

"ஜெயிச்சாச்சு!" வக்கீல் துள்ளினார். "வெறும் சேறு! எல்லாரும் பாத்தீங்கல்ல?"

ரெமிஜியுஸ் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பேச்சு வராமல் போனது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் முறை, அழுதுகொண்டே பிறந்தவர் என்பதால் அப்போதும்கூட அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. பிரிஜித்தாள் அவர் முதுகில் கை வைத்தாள்.

அதிகாரி பேராசிரியர் பக்கம் திரும்பினார். "ஆட்டம் உங்களுக்குன்னு பதிவு பண்ணிரலாமா?"

பேராசிரியர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீலப் புள்ளிகள் மூன்றும் சமர்த்தாக அடைபட்டுக் கிடந்தன.

"நான் ஜெயிக்கல" என்றார்.

"என்ன சார் சொல்றீங்க? புலி மூணும் அடைஞ்சு நிக்குது!" என்றார் வக்கீல்.

"அடைஞ்சு நிக்கல. அடைச்சுக்கிட்டு நிக்கி. வெறும் மினுக்கம்னா ஒரு புலி தப்புப் பண்ணும், இன்னொரு புலி தெரியாத்தனமா ஆட்டைத் தின்னும். இது மூணும், மூணு ஆட்டைத் தின்ன பிறகு, ஒரு ஆட்டைக்கூட மிதிக்காம, சரியா தோக்குற வழியைத் தேடித் தேடி நடந்து போயிருக்கு. தோக்குறதுக்கு ஜெயிக்கிறதைவிடக் கூடக் கணக்குத் தெரியணும் வக்கீல் சார். நான் வாத்தியான். வாய்மொழித் தேர்வுல வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்குற பையன்கிட்ட, போனாப் போவுதுன்னு தண்ணியோட வாய்பாடு என்னன்னு கேப்பேன். அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

மறுகோடியிலிருந்து ரெமிஜியுஸ்தான் கத்தினார், மனுதாரர் என்பதையே மறந்து.

"அதெப்படி? என்னைய ஒரு தடவைகூட விட்டதில்லையே! ஈஸ்டர்ல இருந்து கதறக் கதறத் தின்னுருக்கே! சம்பந்திக்கு மட்டும் என்ன சலுகை?"

பேராசிரியர் முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க தோத்தா மறுநாளும் வந்து நிப்பீங்க. நான் தோத்தா இந்தப் பாலத்துப் பக்கமே வரமாட்டேன். இடையில வெளக்கை அணைச்சிட்டு எந்திரிச்சேன்ல? அப்பவே அதுக்குப் புரிஞ்சுபோச்சு. ஆதிகாலத்துல இருந்து இருட்டுல கெடக்கு. வெளையாட ஒரு ஆளு போதுமா?"

செலஸ்தீனா மூக்கை உறிஞ்சினாள். "துறைமுகத்தை வடக்கே பாறைப் பக்கம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கம்மா" என்றாள் அதிகாரியிடம். "நாளு பிடிக்குன்னாலும் எம்மவன் காத்துக் கெடப்பான். இதைப் போயி எப்படித் தோண்டுறது?"

வக்கீல் எதற்கோ வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"பேராசிரியர், எனக்கு நேரான பதில் வேணும். உங்க சம்பந்தி சொன்ன மாதிரி இந்தச் சேறு ஆடிச்சா, இல்லையா?"

எஸ்தனிஸ்லாஸ் கர்வாலோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். சம்பந்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அங்கே இனிமேல் சாகும்வரை கேட்க வேண்டியிருக்கும் கதைகள் அத்தனையும் ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தன.

"ஆடிச்சு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "எழுதிக்கிடுங்கம்மா. அவரு சொன்னது அத்தனையும் நடந்ததுதான்."